ஐந்தரை மணி எண்ணெய்

சிரம்பானில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில், முகத்து மேக்கப்பைக் கலைப்பதற்கு மட்டும் ஏழெட்டு விதமான புட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறோம். தண்ணீர் போல ஒன்று, பால் போல ஒன்று, உறைந்த நெய் போல ஒன்று. எது நல்லது என்று கேட்கும் பெண்களுக்கு நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், தேய்க்க மட்டும் வேண்டாம், ஒத்தி எடுங்கள். நம்பாதவர்களுக்குப் புறங்கையிலேயே செய்து காட்டுவேன். பூச்சு முழுக்கத் துணிக்கு வந்துவிடும், தோல் சிவக்காது. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று சிலர் கேட்பார்கள். கம்பெனியில் கோர்ஸ் கொடுத்தார்கள் என்று சொல்லிச் சமாளிப்பேன். எந்தக் கம்பெனியும் எனக்கு எந்தக் கோர்ஸும் கொடுக்கவில்லை. ஆறு வயதில் இந்தக் கைவேலையைப் பழகி, ஒன்பது வயதில் இதை வைத்து ஒருத்தியின் வாழ்க்கையைக் குலைத்தவள் நான். கடையில் நின்றுகொண்டு அதை யாரிடம் சொல்வது.

சுவா டவுனைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகியிருந்தாலும், லயத்து வீடுகள் மட்டும் பழையபடியே தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீடு தள்ளி நலம் விசாரிப்பார்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தாள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களுடன் இருந்தாள். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த சின்னம்மாவை அம்மாதான் வளர்த்து ஆளாக்கினாள். அம்மாவுக்கு நான் இரண்டாவது பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். மூத்த பிள்ளைக்குக் கிடைக்கும் கவலையெல்லாம் சின்னம்மாவுக்கே போனதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

சின்னம்மா செண்டாயானில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்தாள். காலை ஆறு மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலை ஐந்தே காலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த இருட்டில் பஸ் ஏறப் போகும் மற்ற பெண்கள் முகம் கழுவிப் பவுடர் போட்டதோடு சரி. சின்னம்மா மட்டும் கல்யாணப் பெண் மாதிரி முழு மேக்கப்பில் போவாள். லயத்தில் அவளுக்கு மினுக்கி என்று பெயர். ஸ்குரூ மாட்டப் போறவளுக்கு எதுக்குடி இம்புட்டு சாயம் என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வது எங்கள் சமையற்கட்டுவரை கேட்கும். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டாள். தங்கையை மினுக்கி என்று ஊர் சொல்வதில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

காரணம், அந்தச் சாயத்துக்கு அடியில் இருந்தது. இருபத்து மூன்று வயதில் சின்னம்மாவின் உதட்டோரத்தில் பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. ஒரு வருடத்துக்குள் அது இடக்கன்னம் முழுக்க ஏறி, காதுவரை போய், கண்ணிமையையும் தொட்டுவிட்டது. ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னாராம். இது குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. மறைக்க ஆசைப்பட்டால் மேக்கப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக்கு வந்ததும் கலைத்துவிட வேண்டும், கலைக்கும்போது தேய்க்கக் கூடாது. தேய்த்து உரசிய இடத்தில் புதிதாக வெள்ளை விழலாம். இதில் முதல் பாதியை அம்மா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இரண்டாவது பாதியைச் சின்னம்மா ஒரு நாளும் மறக்கவில்லை.

கலைப்பது என் வேலையாக ஆனதற்குக் காரணமும் அதுதான். ஆரம்பத்தில் சின்னம்மாவே செய்துகொண்டாள். கண்ணாடியில் அந்த வெள்ளை மெல்ல மெல்ல வெளிவருவதைப் பார்க்கப் பார்க்க அவள் கை வேகம் பிடித்துவிடும். வெள்ளையையும் சேர்த்துத் துடைத்துவிடலாம் என்பதுபோல் தேய்ப்பாள். ஒரு நாள் தாடையில் சிவந்து, இரண்டு மாதத்தில் அந்த இடமும் வெளுத்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"என் கை கோவத்துல தேய்க்குதுடா. ஒனக்குத்தான் கோவம் இல்லல்ல, நீ செய்."

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அறைக் கதவைச் சாத்துவோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் துவட்டிய பழைய வெள்ளைத் துணிகளை அம்மா சதுரமாக வெட்டி வைத்திருந்தாள். துவைத்துத் துவைத்து அவை பூ மாதிரி ஆகியிருந்தன. முதலில் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடேறும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு நெற்றி, கன்னம், தாடை என்று கையை வைத்து அழுத்தி, மனதுக்குள் ஐம்பது எண்ண வேண்டும். பூச்சு தானாக இளகிக் கொடுக்கும். அதற்கப்புறம்தான் துணி. மேலிருந்து கீழே, ஒத்தி ஒத்தி, ஒரு தரம் பட்ட இடத்தில் அதே மடிப்பு மறுபடி படாமல். வலக்கன்னம் முடிந்தால் சின்னம்மா முகத்தைத் திருப்பி இடக்கன்னத்தைக் கொடுப்பாள். வாய்ப்பக்கம் வரும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். கண்ணிமை கடைசி. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், ஈரத்தைத் துடைக்காமல் துண்டால் ஒற்றல், டாக்டரம்மா கொடுத்த களிம்பு. எல்லாம் முடிந்தால் சின்னம்மா என் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, "டாக்டர் கையி" என்பாள். அந்தப் பட்டத்துக்காக நான் விளையாட்டை எல்லாம் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவேன்.

வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சொன்னால் கதவுக்கு மேலே செருகியிருக்கும் ரோத்தான் பிரம்பு இறங்கி வரும் என்று அம்மா எச்சரித்திருந்தாள். நான் சொல்லவில்லை. மூன்று வருடமும் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. அதை இன்றுவரை என் கணக்கில் ஒரு நல்லதாக எழுதிக்கொள்ள முடியாமல் இருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு இருபத்தாறு வயது ஆனபோது கெமாசிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரயில் வேலை. நல்ல குடும்பம். மாப்பிள்ளை குடிப்பதில்லை. தோட்டத்தில் இந்த மூன்றாவது தகுதிக்கே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா உடனே சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டாள். அன்று மாலை சமையற்கட்டில் அக்காளும் தங்கையும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சண்டை போடுவது லயத்தில் தனியாகப் பழக வேண்டிய வித்தை.

"முன்னாடியே சொல்லிடலாங்க்கா."

"சொன்னா எவன் வருவான்? தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பக்கா? நா தூங்கும்போதும் பூசிக்கிட்டே தூங்கணுமா?"

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம்தான் கேட்டது. அப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவரை யாரும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உயரமாக, சட்டையைக் கால்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகிக்கொண்டு வந்திருந்தார். எனக்கென்று ஒரு சாக்லேட் பெட்டி வாங்கி வந்திருந்ததால், அவரை நான் உடனே பாஸ் பண்ணிவிட்டேன். சின்னம்மா சிரப் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருக்காமல், எங்க பொண்ணு மேக்கப்புல பெரிய ஆளு, டவுன்ல கடையே வெக்கலாம் என்று கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு இந்த மேக்கப்லாம் அவ்வளவா பிடிக்காதுலா. மொகம் இயற்கையா இருந்தா அதுவே போதும்."

பெரியவர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். எவ்வளவு எளிமையான பையன் என்று மாப்பிள்ளையின் மாமா அப்பாவிடம் சொன்னார். அம்மா மட்டும் கையிலிருந்த தட்டோடு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற சின்னம்மா, அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அன்று ஐந்தரை மணிக்கு நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அவரு என்னமோ சொன்னாரே, இன்னொரு தடவ சொல்லு."

நான் குரலைத் தடிமனாக்கி மாப்பிள்ளை மாதிரியே சொல்லிக் காட்டினேன். சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்து, எண்ணெய் வாய்க்குள் போய்விட்டது. துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடியும் சொல்லச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க எங்கள் அறையில் அதுதான் நாடகம். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

பரிசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலி எல்லாம் கோயிலில் இருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். சின்னம்மா விடிவதற்கு முன்பே எழுந்து பூச உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக ஒரு தடவை பூசுவதை அன்றைக்கு மூன்று தடவை பூசினாள். கூடாரத்துத் தகரத்துக்கு அடியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தால் வேர்க்கும், வேர்த்தால் கரையும் என்று அம்மாவுக்குப் பயம். பத்தரை மணிக்குக் கெமாஸ்காரர்கள் வேனிலும் இரண்டு மோட்டார் காடியிலும் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மாவுக்குச் சேலை கொடுத்து, பூ வைத்து, சங்கிலி போட்டுவிட்டார். எல்லாம் முடிந்து இலை போட்டபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லாரிடமும் சொன்னாள்.

"இனிமே அவரு நம்ம வீட்டு ஆளு."

இந்த வார்த்தையை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு அவர்கள் புறப்படுவதாக இருந்தது. சரியாக அப்போது மழை பிடித்துக்கொண்டது. சேறான தோட்டத்துப் பாதையில் வேன் இறங்காது, கொஞ்சம் விடட்டும் என்றார்கள். மழை விட்டபோது மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு மணிவரை ராகு காலம். முதன்முதலாகப் பெண் வீட்டிலிருந்து கிளம்பும்போது ராகு காலத்தில் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் அப்படிப் பஞ்சாங்கம் பார்க்கிறவராக இல்லாமல் இருந்திருந்தால், அல்லது மழை அரை மணி நேரம் முந்தியோ பிந்தியோ பெய்திருந்தால் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறு ஒரு நாள், வேறு ஒரு வீட்டில் ஆகியிருக்கும்.

விருந்தாளிகள் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கப்போகிறார்கள் என்றதும் அம்மா டீத்தண்ணி வைக்கவும் மீகூன் சேமியா பிரட்டவும் சமையற்கட்டுக்குள் ஓடினாள். லயத்துப் பெண்கள் வெங்காயம் உரிக்கப் பின்னாலேயே போனார்கள். சின்னம்மா தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். போகும்போது அவள் விரல் கன்னத்துக்கு அருகில் போய், தொடாமல் இறங்கியதைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் பூச்சு இருந்தால் தோல் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் எங்கெங்கே தடிக்கும் என்றுகூட விரல் வைத்துச் சொல்வேன்.

கடிகாரம் ஐந்தரையைக் காட்டியது. எனக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். தோல் கெட்டுவிடக் கூடாது. மாப்பிள்ளைக்கு மேக்கப் பிடிக்காது, அவரே சொன்னார். அவர் இனிமேல் நம் வீட்டு ஆள், அம்மாவே சொன்னாள். வெளியாரிடம் சொல்லத்தான் கூடாது, நான் சொல்லப் போவதில்லையே. சின்னம்மா இயற்கையான முகத்தோடு வந்து வழியனுப்பினால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார். எல்லாரும் என்னைத்தான் கெட்டிக்காரி என்பார்கள்.

சின்னம்மா மெத்தையில் சேலையோடு மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பாவம், அசந்துவிட்டாள், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றி நெற்றியில் வைத்தேன். ஐம்பது எண்ணினேன். மூன்று பூச்சும் மெழுகு மாதிரி இளகி வந்தன. தூங்குகிறவளை எழுப்பாமல் துடைக்கிறேன் என்ற பெருமையில், அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் துடைத்ததில்லை. வலக்கன்னம் முடிந்தது. முகம் திரும்பி இடக்கன்னம் வந்தது. துணியின் மடிப்பை மாற்றிக்கொண்டேன். உதடு உள்ளே மடிந்தது, ஓரமெல்லாம் சுத்தமாக எடுத்தேன். கடைசியாகக் கண்ணிமை. ஒரு இடம் சிவக்கவில்லை. பட்டுச்சேலைக்கும் புதுச் சங்கிலிக்கும் நடுவில் அந்த வெள்ளை ரொம்ப அழகாக இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. எனக்கு அது சின்னம்மாவின் முகம், அவ்வளவுதான்.

தண்ணீர் எடுக்க நான் எழுந்தபோது கதவு திறந்தது. ஆறு மணி ஆகியிருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் மருமகளுக்கு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போக மாப்பிள்ளையின் அம்மா குங்குமச் சிமிழோடு வந்திருந்தார். மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு எடுத்தபடியே உள்ளே வந்தவர், அந்த விரலோடு அப்படியே நின்றுவிட்டார். சின்னம்மா எழுந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பு மடியிலேயே கிடந்தது. அதை எடுத்து முகத்தை மூட அவளுக்கு நேரம் இருந்தது, மூடவில்லை.

"இது என்னாது?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். எண்ணெய்த் துணியை நீட்டினேன்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் அதுவும் இன்னொரு பூச்சு. டாக்டரம்மா இல்லை என்று சொன்ன அந்த நோயின் பெயரை அந்த அம்மாள் கூடாரம்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னார். சிமிழ் கீழே விழுந்து சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்பானது. ஏமாத்தப் பாத்தீங்களா, எம் புள்ள வாழ்க்கையில வெளையாடப் பாத்தீங்களா என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. கரண்டியும் கையுமாக ஓடிவந்த அம்மா, ஒட்டாதுங்க, டாக்டரே சொல்லிட்டாங்க என்று கெஞ்சினாள். மூன்று வருடமாகக் காதில் வாங்காத முதல் பாதியை அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டேன். லயமே எங்கள் வாசலில் நின்றது.

மாப்பிள்ளையை யாரோ கூப்பிட்டார்கள். அவர் அறை வாசலில் வந்து நின்றார். சின்னம்மா அவரை நேராகப் பார்த்தாள். அழவில்லை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் காலுறையைப் பார்த்தார்.

"அம்மா, போலாம்மா," என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மரியாதையான பையன்தான்.

தட்டுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, சங்கிலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். அம்மா கதவைச் சாத்தினாள். கதவுக்கு மேலே கையை விட்டு ரோத்தானை எடுத்தாள்.

"யாருடி ஒன்ன தொடைக்கச் சொன்னா?"

நான் ரோத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும்.

"சின்னம்மாதான் சொன்னாங்க."

அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். அறை முழுக்க எண்ணெய் வாடை. நான் சின்னம்மாவைப் பார்க்காமல் தரையில் கிடந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்," என்றாள் சின்னம்மா.

ரோத்தான் கீழே விழுந்தது. அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வளர்த்த கையைக் கடிச்சிட்டியேடி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில், ஒரே சமையற்கட்டில், சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் தட்டை மட்டும் வைத்துவிட்டு நகர்வாள். எனக்காகப் பொய் சொல்லிச் சின்னம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நான் நம்பினேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாய்வரை வரும், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். பிறகு சொல்ல வேண்டிய காலமும் கடந்துவிட்டது.

லயத்தில் யாரும் வெளிப்படையாக ஒன்றும் செய்யவில்லை. கோயிலில் சின்னம்மா உட்கார்ந்தால் பக்கத்திலிருந்த பிள்ளையை மட்டும் அந்தப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் கொண்டுபோன பாயசத்தை வாங்கிக்கொண்டார்கள், மறுநாள் கோழிகள் சாப்பிட்டன. எல்லாருக்கும் தெரிந்துபோன பிறகு சின்னம்மா மேக்கப்பை விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் இன்னும் கெட்டியாகப் பூசினாள். அதோடு, கலைப்பதை நிறுத்திவிட்டாள். ஐந்தரை மணிக்கு நான் எண்ணெயும் துணியுமாகப் போய் நிற்பேன். "வேணாம்டா, நீ போயி வெளையாடு" என்பாள். பூச்சோடு படுத்து, காலையில் அதன் மேலேயே இன்னொன்று பூசிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு மாதத்தில் தாடையெல்லாம் கொப்பளம். அது உடைந்து, நீர் வடிந்து, பொருக்குத் தட்டி, பொருக்கின் மேலேயும் பூச்சு. தேய்க்காமல் தேய்க்காமல் மூன்று வருடம் நான் காத்துவைத்த தோல் என் கண் முன்னாலேயே அழுகியது. நான் துணியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் பள்ளி விடுமுறை விடுவதற்குள் அவள் ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். விடுதி வாசம். தீபாவளிக்குப் போன் வரும். பிற்பாடு முகம் பார்த்துப் பேசும் வசதி எல்லாரிடமும் வந்த பிறகும், அவள் பக்கம் மட்டும் திரை கறுப்பாகவே இருக்கும். சிக்னல் சரியில்லை என்பாள். பதினாலு வருடமாக ஜொகூரில் சிக்னல் சரியில்லை.

போன வருடம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மூன்று மாதம் படுக்கை. கடை முடிந்து வந்து நான்தான் அவருக்கு முகம் துடைத்துவிடுவேன். முதல் நாள் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் துடைக்கலாம் என்று எண்ணி, வலக்கன்னம் முடித்து, மறுகன்னத்துக்காகக் காத்திருந்தேன். தலை திரும்பவில்லை. தூங்குகிற மனிதரின் தலை அரிசி மூட்டை மாதிரி கனக்கிறது. ஒரு கையைக் கீழே கொடுத்துத் தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. வாய் திறந்து கிடந்தது, உதட்டை நான்தான் விரலால் ஒதுக்கினேன். அந்தத் துணியோடு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அம்மா வந்து, என்னடி, அப்பாவுக்கு என்ன என்று பதறினாள்.

அப்பாவின் காரியத்துக்குச் சின்னம்மா வந்தாள். முகம் முழுக்கப் பூச்சு, அதன் அடியில் மேடும் பள்ளமும். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியதும் வீட்டில் எல்லாரும் தலை முழுகினோம். அவள் மட்டும் கழுத்துக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஆனால் பேசிக்கொள்ளவில்லை. மாலையில் அவள் அந்தப் பழைய அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் தேவையில்லை.

"சின்னம்மா, நா தொடச்சி விடவா?"

என் கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். மோந்து பார்க்கவில்லை.

"வேணாம்டா. இனிமே தொடச்சி யாருக்குக் காட்டப்போறேன்."

அன்று முழித்துக்கொண்டுதானே படுத்திருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒன்பது வயதில், அவள் பயத்தில் முகத்தை மூட மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்ன அந்த 'ஆமா' எனக்காகச் சொன்ன பொய் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்தபடி அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு வாரம் முழுக்க என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாளே, அதைத்தான் அவர் வாயால் இன்னொரு தடவை கேட்கக் காத்திருந்திருக்கிறாள். மாப்பிள்ளை சொன்னதை அப்படியே நம்பியவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்திக்கு ஒன்பது வயது, இன்னொருத்திக்கு இருபத்தாறு.